பாத்திரமாகும் பாத்திரங்கள்

நாடகத்திற்கு இன்றியமையாதது எது? எழுதி முடித்த நூலா, ஒளியமைப்பும் திரைச்சீலையும் கொண்ட அரங்கமா, விலையுயர்ந்த ஒப்பனையா? இவை யாவும் நாடகத்திற்கு அழகு சேர்ப்பன. உயிர் தருவன அல்ல. நடிகர்கள் ஒன்றுகூடி, ஒத்திகையின்போதே காட்சிகளை உருவாக்கி, கைக்குக் கிட்டிய பொருள்களையே கதைமாந்தராக்கும் கூட்டுப்படைப்பு நாடகம் இவ்வுண்மையை மெய்ப்பிக்கிறது.

இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் 1984ஆம் ஆண்டு தோன்றிய 'ஃபோர்ஸ்டு என்டர்டெயின்மென்ட்' என்னும் குழு, ஷேக்ஸ்பியரின் 36 நாடகங்களை ஒரு சிறு மேசையின்மீது நிகழ்த்திக் காட்டியது. ஒவ்வொரு நாடகத்தையும் ஒருவரே மேசையின்பின் அமர்ந்து, அன்றாடப் பேச்சுமொழியில், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சொல்லி முடிப்பார். உப்புக்குடுவையும் மிளகுக்குடுவையும் கரண்டியும் அளவுகோலுமே அரசரும் ஏவலரும் ஆவர். சமையலறைப் பாத்திரம் அங்கே நாடகப் பாத்திரமாகிறது.

'கல்லைக் கண்டால் நாயைக் காணோம். நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்பது பழமொழி. ஒன்று தோன்ற மற்றொன்று மறையும் என்பது அதன் கருத்து. இக்கலையிலோ இரண்டும் ஒருங்கே தோன்றுகின்றன. குடுவை குடுவையாகவே இருக்கிறது. அதன் வீழ்ச்சியில் ஓர் அரசனின் வீழ்ச்சியும் புலப்படுகிறது. இடைப்பட்ட தொலைவை நிரப்புவது பார்வையாளரின் கற்பனையே. எல்லாவற்றையும் காட்டிவிடும் அரங்கம் அப்பணியை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

பீட்டர் ஷூமன் 1963ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கிய 'பிரெட் அண்டு பப்பெட்' குழு இதே நெறியைத் தெருவுக்குக் கொண்டுசென்றது. காகிதக்கூழ், அட்டை, பழந்துணி ஆகியவற்றால் ஆன, ஆளுயரத்தை விஞ்சிய பாவைகள் வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலங்களில் நடந்தன. காட்சியைக் காண வந்தோர்க்கு ரொட்டியும் பகிரப்பட்டது. உணவைப் போலவே கலையும் எல்லார்க்கும் உரியது என்பது ஷூமனின் கொள்கை.

பொருளில்லாக் குறையை மறைக்கும் உத்தியே இது எனச் சிலர் கூறக்கூடும். அக்கூற்று பொருந்தாது. கரண்டிக்கு முகமில்லை, எனவே அதன் சாய்விலும் நிற்பிலும் தயக்கத்திலும் உணர்வைக் காட்டியாக வேண்டும். நடிகரின் பார்வை பொருளைவிட்டு நீங்கினால், பார்வையாளரின் கவனமும் நீங்கிவிடும். உயிர்பெற்ற மாந்தர் நொடியில் வெறும் கரண்டியாகிவிடுவார். ஆகவே, செலவு குறைந்த இக்கலை பயிற்சியில் குறைந்ததன்று.

அரங்கமும் பொருளும் இருந்தால்தான் நாடகம் என்று கொண்டால், அவை இல்லாதோர் என்றும் பார்வையாளராகவே இருக்க நேரும். பழைய குடையும் உடைந்த பெட்டியும் போதும் என்று கொண்டாலோ, வகுப்பறையும் தெருவும் களமாகும். சொல்வதற்குக் கதை உள்ள எவரும் கலைஞராவார். கலையைப் பொதுவுடைமை ஆக்கும் இவ்வழியைப் போற்றுதல் தகும்.