வால் தரையில் படலாமா?

டினோஸார் என்னும் ராட்சதப் பிராணியின் வால் தரையில் புரள வேண்டுமா, அந்தரத்தில் நீண்டு நிற்க வேண்டுமா? இது வேலையற்றவர்களின் வினா என்று நேயர்களில் சிலர் நினைக்கக் கூடும். மழையையும் நூல் விலையையும் பற்றிப் பேச வேண்டிய அருப்புக்கோட்டைத் திண்ணையில், 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் மாண்டொழிந்த பிராணியின் வாலைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கவும் கூடும். ஆயினும் உலகத்தின் பல பாகங்களில், நன்றாகப் படித்துக் கௌரவமான உத்தியோகங்களில் இருக்கும் மனிதர்கள் இந்த வாலைப் பற்றி வருஷக்கணக்காக வாதாடி வருகிறார்கள். டினோஸார் பொம்மைகளைச் சேகரித்து அலமாரியில் அடுக்குவது அவர்களுடைய பொழுதுபோக்கு.

இதில் பரிகாசம் செய்ய ஒன்றுமில்லை. நம் வீடுகளில் நவராத்திரிக்குப் படி கட்டுகிறோம். தசாவதார வரிசையில் வாமனர் நரசிம்மத்தைவிட உயரமாக அமைந்துவிட்டால் பாட்டிமார் சும்மா விடுகிறார்களா? சென்ற வருஷத்துச் செட்டியாருக்குத் தொந்தி சரியாயிருந்தது, இந்த வருஷத்துச் செட்டியார் ஏகாதசிப் பட்டினி கிடந்தவர் மாதிரி இருக்கிறார் என்று விமரிசனம் நடப்பதில்லையா? பொம்மை சேர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே குலம். ஆனால் செட்டியாரின் தொந்தியைச் சரிபார்க்க வேண்டுமானால் கடைத்தெருவுக்குப் போனால் போதும். டினோஸாரைச் சரிபார்க்க எந்தத் தெருவுக்குப் போவது?

இந்த வழக்கு பொம்மையோடு கூடவே பிறந்தது. 'டினோஸார்' என்ற பெயர் 1842-ம் வருஷத்தில் ரிச்சர்டு ஓவன் என்ற ஆங்கிலேய சாஸ்திரியார் இட்டது. 1854-ல் லண்டனுக்குத் தெற்கே ஸிடன்ஹாம் என்னுமிடத்தில், அவருடைய யோசனையைக் கேட்டு, வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி முழு அளவில் டினோஸார் உருவங்களை நிறுத்தினார். அவற்றின் சிறு மாதிரிகளும் கல்விக்கென்று விற்பனையாயின. இகுவானடான் என்ற பிராணியை அவர் நான்கு காலில் நிற்கும் காண்டாமிருகம் போலச் செய்து, மூக்கின்மேல் ஒரு கொம்பையும் வைத்தார். 1878-ல் பெல்ஜியத்தின் பெர்னிஸார் நிலக்கரிச் சுரங்கத்தில் அதே இனத்தின் எலும்புக் கூடுகள் ஏராளமாக அகப்பட்டன. மூக்குக் கொம்பு என்று எல்லோரும் நினைத்தது உண்மையில் கட்டைவிரல்! ஹாக்கின்ஸின் உருவங்கள் இன்றும் அதே இடத்தில், அதே மூக்குக் கொம்புடன் நிற்கின்றன. தப்பு என்று தெரிந்தும் அவற்றை இடித்துத் தள்ளாமல் காப்பாற்றி வருகிறார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது.

பெல்ஜியத்துக் கூடுகளை நிமிர்த்தி, வாலைத் தரையில் ஊன்றிக் கங்காருவைப் போல நிறுத்தினார்கள். அதன்பின் வெகுகாலம் உலகத்து டினோஸார்கள் எல்லாம் வாலை இழுத்துக்கொண்டே நடந்தன. பொம்மைக்காரர்களுக்கு இது மிகவும் சௌகரியம். இரண்டு காலும் ஒரு வாலும் சேர்ந்தால் முக்காலி, முக்காலி கவிழாது. ஆனால் பாறையில் பதிந்து கிடக்கும் காலடித் தடங்களைப் பார்த்தால், வால் இழுபட்ட கோடு மிக அபூர்வம். 1969-ல் ஜான் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் டைனானிகஸ் என்ற வேட்டைப் பிராணியை வர்ணித்து, அதன் வால் விறைப்பாகப் பின்னால் நீண்டு உடலை நிலைநிறுத்த உதவியது என்று காட்டினார். மெள்ள மெள்ள மற்றப் பிராணிகளும் வாலைத் தூக்கின. 1993-ல் 'ஜுராஸிக் பார்க்' சினிமா வந்த பிறகு, வாலைத் தரையில் போட்ட பொம்மை சேகரிப்போர் மத்தியில் சுத்தக் கர்நாடகமாகிவிட்டது.

வால் மேலே போனதும் ஒரு தொல்லை கீழே வந்தது. முக்காலி இப்போது இருகாலி. அது நிற்க வேண்டுமானால் பாதம் பெரிதாக வேண்டும். ஜெர்மனி தேசத்து ஷ்லைக் கம்பெனியின் பொம்மைகளைப் பற்றிச் சேகரிப்போர் நெடுநாள் சொல்லி வந்த குறை இதுதான்: பாதம் என்பதா, அம்மிக்கல் என்பதா? பிரெஞ்சு தேசத்துப் பாப்போ கம்பெனி தோலின் சுருக்கத்தையும் மடிப்பையும் காட்டுவதில் கைதேர்ந்தது. ஆனால் அது எலும்பைப் பார்த்துச் செய்வதைவிடச் சினிமாவைப் பார்த்துச் செய்வதே அதிகம் என்பது புகார். காலடியில் பீடம் வைத்தால் தீர்ந்தது என்பார் ஒருவர். பீடம் வைத்தால் அது பொம்மை அல்ல, சிலை. குழந்தை கையில் எடுத்து ஓட்ட முடியாது என்பார் மற்றொருவர். இந்த இரண்டாமவரிடம் எனக்கு அனுதாபம் உண்டு.

நிற்க வைக்கும் வித்தையை எங்கள் பக்கத்து வேளார்கள் நன்கு அறிவார்கள். திருச்சுழியைச் சுற்றிய வானம் பார்த்த பூமியில், கண்மாய்க் கரைகளில் ஐயனார் கோயில்களின் முன் நிற்கும் மண்குதிரைகளைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே கூடு; கால்களோ உருண்டு திரண்ட தூண்கள். மிகப் பெரிய குதிரையானால் வயிற்றின் கீழ் முட்டுக் கொடுப்பதும் உண்டு. அந்தக் காலை வைத்துக்கொண்டு உயிருள்ள குதிரை பத்தடி ஓடாது. இருந்தும் 'இது தத்ரூபமாயில்லை' என்று எந்தக் குடியானவரும் முறையிட்டதில்லை. குதிரை எப்படியிருக்கும் என்பது அவருக்கு முன்னமே தெரியும். மண்குதிரையில் அவர் தேடுவது கம்பீரத்தை. மிச்சத்தைக் கண் தானாகவே திருத்திக் கொள்கிறது.

டினோஸார் பொம்மைக்கு அந்தச் சலுகை கிடையாது. திருவிழாக் கடையில் வாங்கிய பச்சைப் பிளாஸ்டிக் ராட்சதன்தான் ஐந்தாம் வகுப்புப் பையனுக்குப் பிரமாணம். அவன் நோட்டுப் புத்தகத்தில் வரையும் டினோஸார் என்னுடைய பாடத்திலிருந்து வருவதில்லை. அவன் கால்சட்டைப் பையிலிருந்து வருகிறது. டைரனோஸாரஸுக்குக் கையில் இரண்டே விரல் என்று நான் கரும்பலகையில் எழுதினால், "இதில் மூன்று இருக்கிறதே, ஸார்!" என்று சாட்சியை எடுத்து மேஜைமேல் வைக்கிறான். அதனால் தத்ரூபம் வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கும் கட்சியில்தான் நான் சேர்ந்திருக்கிறேன்.

ஆனால் எது தத்ரூபம்? இங்கேதான் கட்சிக்குள் கட்சி பிளக்கிறது. 1996-ல் சீன தேசத்து லியாவோனிங் மாகாணத்தில் கிடைத்த ஸைனோஸராப்டெரிக்ஸ் என்ற சிறு டினோஸாரின் உடலைச் சுற்றி, இறகின் ஆதி ரூபம் போன்ற மெல்லிய இழைகள் கல்லில் பதிந்திருந்தன. 2010-ல் நுட்பமாக ஆராய்ந்து, அதன் வாலில் செம்பட்டையும் வெள்ளையும் மாறிமாறி வளையமிட்டிருந்தன என்றும் கண்டார்கள். எலும்பிலிருந்து நிறம் தெரியாது என்று நாங்கள் கல்லூரியில் படித்ததெல்லாம் போயிற்று. 2012-ல் சுமார் 9 மீட்டர் நீளமுள்ள யூடிரானஸ் இறகுகளோடு வெளிப்பட்டது. உடனே அதன் ஒன்றுவிட்ட உறவான டைரனோஸாரஸ் பொம்மைகளுக்கும் சிலர் இறகுச் சட்டை தைத்தார்கள். 2017-ல் டைரனோஸாரஸின் தோல் பதிவுகளை ஆராய்ந்தபோது அங்கே இருந்தவை செதில்கள். சட்டையைக் கழற்ற வேண்டியதாயிற்று. வாயை மூடினாலும் பற்கள் வெளியே தெரியுமா, அல்லது உடும்புக்கு இருப்பதுபோல் உதடு மூடிக்கொள்ளுமா என்று இன்னொரு வழக்கு. உதடு உண்டு என்று 2023-ல் ஓர் ஆராய்ச்சி சொல்லிற்று; எல்லோரும் ஒப்பவில்லை. பல் தெரியாத பொம்மையைக் குழந்தைகள் வாங்குவார்களா என்பது கம்பெனிக்காரர் கவலை.

பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னெகி மியூஸியத்தின் மேற்பார்வையில் ஸபாரி கம்பெனி 1988 முதல் 2015 வரை ஒரு பொம்மை வரிசை வெளியிட்டது. அறிவு மாற மாற ஒரே பிராணியைத் திருத்தி மறுபடியும் செய்தார்கள். நல்ல கம்பெனிகளின் பொம்மையைத் திருப்பிப் பார்த்தால் அடிவயிற்றில் பெயரும் வருஷமும் பொறித்திருக்கும். எனக்கு மிகப் பிடித்த அம்சம் அதுதான். போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பொய் என்று யாராவது சொல்கிறோமா? அது போன வருஷத்தினுடையது, அவ்வளவுதான். திருவிழாக் கடைப் பொம்மைக்குப் பெயருமில்லை, வருஷமுமில்லை. வாலைத் தரையில் போட்டிருப்பதைவிட அதுவே பெரிய குற்றம்.

நம் தேசத்துப் பிராணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவற்றைப் பொம்மை செய்வது மகா கஷ்டம். 1828-ல் ஜபல்பூரில் முதல் எலும்புகளைக் கண்டெடுத்தவர், தக்கர்களை ஒடுக்கியவரென்று சரித்திரத்தில் வரும் ஸ்லீமன் துரை. அவை வால் எலும்புகள். 1877-ல் அவற்றைக் கொண்டு டைட்டானோஸாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்து 1975-ல் பெயர் பெற்ற பாரபாஸாரஸ் டாகோரை, கவி ரவீந்திரரின் ஞாபகார்த்தமானது. 'பெரிய கால் உடையது' என்று பொருள். அதன் கூடு கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிவரக் கழகத்தில் நிற்கிறது. சுமார் 300 எலும்புகள் கிடைத்தும் தலை ஓடு மட்டும் கிடைக்கவில்லை. குஜராத்தில் கிடைத்து 2003-ல் பெயரிடப்பட்ட ராஜஸாரஸுக்கு நெற்றியில் சிறு கொம்பு உண்டு என்று தெரியும், முகவாய் அகப்படவில்லை. கலெக்டா என்ற கம்பெனி ராஜஸாரஸ் பொம்மை வெளியிட்டிருக்கிறது. அதற்கு அழகான முகமும் இருக்கிறது. அந்த முகத்தில் பாதி, உறவுப் பிராணிகளிடம் கடன் வாங்கியது.

எல்லாவற்றிலும் பரிதாபமான கதை நம் தமிழ்நாட்டினுடையது. அரியலூர்ப் பக்கத்தில் கல்லமேடு என்ற ஊரில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் மிகப் பெரிய எலும்புகள் சிலவற்றைக் கண்டு, 1980-களின் பிற்பகுதியில் பிருஹத்காயோஸாரஸ் என்று பெயரிட்டார்கள். 'பெருத்த உடலுடையது' என்று நம் சமஸ்கிருத வாத்தியார் உடனே பொருள் சொல்லிவிடுவார். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம்! முதலில் அதை மாமிச பட்சணி என்று எண்ணினார்கள். 1995-ல் அது நீண்ட கழுத்துள்ள சாக பட்சணியாகத்தான் இருக்க வேண்டும் என்று சங்கர் சாட்டர்ஜி கூறினார். ஆனால் மறுபடி அளந்து பார்க்க எலும்பு இல்லை. மண்ணுக்கு வெளியே வந்ததும் மழையிலும் ஈரத்திலும் அவை பொடிந்து உதிர்ந்துவிட்டன. எலும்பே அல்ல, கல்லான மரமாயிருக்கும் என்று சந்தேகித்தவர்களும் உண்டு. அதே வட்டாரத்தில் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறதே! 2022-ல் அய்யாசாமியும் மற்றொரு ஆராய்ச்சியாளரும் பழைய புகைப்படங்களை வெளியிட்ட பிறகு எலும்புக் கட்சி சற்று வலுத்திருக்கிறது. மிஞ்சியிருப்பவை அந்தப் படங்களும் சில கோட்டுச் சித்திரங்களுமே.

எங்கள் பையன்கள் இதைக் கேட்டுக் கண்மாயைத் தோண்டக் கிளம்பினார்கள். தோண்டிப் பிரயோஜனமில்லை. கரிசலுக்கு அடியில் இருப்பவை டினோஸாருக்கு எத்தனையோ கோடி வருஷம் முந்திய, வெந்து இறுகிய பாறைகள். நம் பூமியில் அந்தப் பிராணி நடந்திருக்கலாம்; நடந்ததைக் குறித்து வைக்க வண்டல் இல்லை.

ஆகவே பள்ளிக் கண்காட்சிக்குப் பிருஹத்காயோஸாரஸை மண்ணில் செய்து வைப்பது என்று தீர்மானமாயிற்று. எங்கள் சித்திர ஆசிரியர் தலை, கழுத்து, வால் எல்லாம் சேர்த்து முழு உருவம் வேண்டுமென்றார். அவர் கட்சியிலும் நியாயமில்லாமல் இல்லை: வெறும் எலும்பைப் பார்த்துக் குழந்தை என்ன கனவு காணும் என்று கேட்டார். நான் முடியாதென்றேன். காணாமற்போன பிராணிக்கு நாமாக ஒரு முகம் வைத்தால், அந்த முகமே அடுத்த தலைமுறைக்குச் சாட்சியாகிவிடும். கால் எலும்பு ஒன்றை மட்டும், சொன்ன அளவில், 2 மீட்டருக்குச் செய்து நிறுத்தி, பத்தாம் வகுப்பில் மிக உயரமான பையனை அதன் பக்கத்தில் நிற்க வைப்போம்; அடியில் பெயரையும் வருஷத்தையும் பொறிப்போம் என்றேன். இரண்டு நாள் வாதத்துக்குப் பின் என் பக்கம் தீர்ப்பாயிற்று.

படத்தை எடுத்துக்கொண்டு வேளாரிடம் போனேன். அவர் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்தார்.

"ஆறரை அடிதானே வாத்தியாரய்யா, குதிரையைவிடச் சின்னதுதான். சுட்டுத் தந்திருவேன். கண்ணு மட்டும் எங்கிட்டு வைக்கிறதுன்னு தெரியலை."

"கண் வேண்டாம். இது வெறும் எலும்பு" என்றேன்.

"அப்போ கண்ணு திறக்குற கூலியைக் கழிச்சுக்கிருவீகளே!" என்றார் அவர்.