நாரை உரிப்பவர் யார்?

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல், தாவரவியல்)

"செடியைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று எங்கள் தெருவில் என்னைக் கேட்காதவர் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அதற்கு விடை சொல்லும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது.

வகைப்பாட்டியல் வகுப்பில் அர்டிகேசி குடும்பத்தைப் பேராசிரியர் நடத்தினார். தொட்டால் அரிக்கும் செடிகளின் குடும்பம் என்றதும், எங்கள் ஊர் வேலியோரச் செந்தட்டிதான் என் நினைவுக்கு வந்தது. எழுந்து சொன்னேன். அது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றார். வகுப்பே சிரித்தது. அரிக்கும் செந்தட்டி இக்குடும்பத்தில் இல்லை. இக்குடும்பத்திலிருக்கும் ராமியோ அரிப்பதே இல்லை! இந்த வேடிக்கைதான் ராமியைப் பற்றி மேலும் படிக்க என்னைத் தூண்டியது.

ராமியின் அறிவியற்பெயர் போமேரியா நைவியா. அசாமில் 'ரியா' என்பர். இலையின் அடிப்புறம் பனிபோல் வெளுத்திருக்கும். ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நிற்கும். ஆண்டுக்கு நான்கைந்து முறை வெட்டலாம். தண்டின் பட்டையில் உள்ள நார்தான் செல்வம். சணலின் நார்ச் செல் ஒன்றின் நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். ராமியின் செல் ஒன்றோ சராசரியாக 12 முதல் 15 செ.மீ.! ஒரே செல், நண்பர்களே! நனைந்தால் வலிமை கூடும் நார் இது. என் பாட்டனார் திருமண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கு தூக்கியவர். அவ்விளக்கின் மேண்டிலுக்குப் பருத்தியைவிட ராமி நூலே சிறந்தது என்று ஒரு காலத்தில் கண்டிருந்தார்கள் என்பதை அறிந்தபோது, அந்தச் செடி எனக்கு உறவாகிவிட்டது போலிருந்தது.

இத்தனை சிறப்பிருந்தும் ராமித் துணியை நம்மில் எத்தனை பேர் உடுத்தியிருக்கிறோம்?

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா பூக்கட்டுபவர். வாழை மட்டையைக் காயவைத்து, நாராகக் கிழித்து, நனைத்து, பூத்தொடுப்பார். கையை நிறுத்தாமலே கேட்டார்: "அதை எப்பிடிப்பா உரிக்கிறாங்க? பச்சையாவா, காயவச்சா?"

நான் திகைத்துப் போனேன். ஏனெனில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக ராமியை வாட்டிவரும் கேள்வி அதுதான். 1803இல் வில்லியம் ராக்ஸ்பர்க் சுமத்ராவிலிருந்து இதை வரவழைத்துக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் வளர்த்தார். செடி நன்றாகவே வளர்ந்தது. நாரை உரிப்பதுதான் பெரும்பாடாயிற்று. உரிக்கும் இயந்திரம் செய்பவருக்கு 5,000 பவுன் பரிசு என்று ஆங்கிலேய அரசு அறிவித்தது. 1872இலும் 1879இலும் சகாரன்பூரில் போட்டிகள் நடந்தன. முழுப் பரிசையும் எவராலும் வெல்ல முடியவில்லை.

காரணம் எளியது. பச்சைத் தண்டு நூறு கிலோ வெட்டினால் நாராகக் கிடைப்பது சுமார் நான்கு கிலோதான். வெட்டிய ஓரிரு நாளுக்குள் உரித்துவிட வேண்டும். காய்ந்தால் பட்டை தண்டோடு ஒட்டிக்கொள்ளும். உரித்த நாரிலும் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு பசை. சணலைப் போல வெறும் தண்ணீரில் ஊறப்போட்டால் அது போகாது. காரத்தில் வேகவைக்க வேண்டும். அம்மாவுக்குப் பதில் "பச்சையாக" என்பதே. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேருடைய முதுகுவலி இருக்கிறது!

இதே குடும்பத்துச் செடிகளின் முள்ளைப் பற்றிய ஆராய்ச்சி எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது பாருங்கள். அர்டிகா செடியின் கொட்டும் மயிரில் ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும் இருப்பதை 1947இல் எம்மலின், ஃபெல்ட்பெர்க் என்னும் இருவர் காட்டினர். 2020இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார், ஆஸ்திரேலியக் கொட்டும் மரங்களில் சிலந்தி நஞ்சை ஒத்த அமைப்புடைய நச்சுப் புரதங்களைக் கண்டனர். அரிய பணிகள்தாம், குறை சொல்லவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்து மேசையில் தீரும் கேள்விக்கு விடை விரைவில் கிடைக்கிறது. வயலோரத்தில், கூலிக்காரியின் கையில் இருக்கும் கேள்வி காத்துக் கிடக்கிறது. இது சரிதானா?

நம் நாட்டிலும் அசாமின் சோர்போக்கில் ராமி ஆராய்ச்சி நிலையம் உண்டு. பாரக்பூர் மத்திய சணல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை அது. நல்ல ரகங்களைத் தந்திருக்கிறார்கள். காரத்துக்குப் பதிலாக நுண்ணுயிரியைக் கொண்டு பசை நீக்கும் முயற்சிகளும் உலகில் நடைபெறுகின்றன. இவற்றை வரவேற்கிறேன். ஆயினும் என் கருத்து இதுதான்: விளைச்சலைக் கூட்டும் ஆராய்ச்சிக்கு முன்னால் உரிக்கும் ஆராய்ச்சி வர வேண்டும். இரண்டு பேர் தோளில் தூக்கிச் சென்று வயலிலேயே இயக்கக்கூடிய, கையை உள்ளே இழுக்காத ஒரு சிறு பொறி வேண்டும். உரிக்க ஆளில்லாத விளைச்சலை வைத்துக்கொண்டு உழவர் என்ன செய்வார்?

நண்பர் ஒருவர், "நைலானும் பாலியெஸ்டரும் வந்தபின் ராமி எதற்கு?" என்று வாதிட்டார். அந்த இழைகள் மட்காமல் கிடப்பதை நம் ஊர்க் கால்வாயிலேயே அவர் பார்க்கலாம். அதற்காக ராமியை நம் வறண்ட மாவட்டங்களில் நடச் சொல்லும் பித்தன் அல்லன் நான். அது மழையும் உரமும் கேட்கும் செடி, வடகிழக்குக்கே உரியது. அதன் துணி எளிதில் கசங்கும். மடித்த மடிப்பிலேயே நார் ஒடியும். இக்குறைகளும் ஆராயத் தக்கவையே.

எங்கள் துறைச் சுற்றுலா இவ்வாண்டு உதகைக்கு என்று பேச்சு. நீலகிரியின் பெயரையே ஆங்கிலத்தில் தாங்கிய கிரார்டினியா, ராமியின் உறவுச் செடி. நேபாள மலைமக்கள் அதன் இனத்தை 'அல்லோ' என்றழைத்து, நாரெடுத்துத் துணி நெய்கிறார்கள். அதன் தண்டு ஒன்றை நானே உரித்துப் பார்த்து, அம்மாவுக்கும் ஒரு முழம் நார் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். ராமியைப் போலன்றி, இது கடுமையாக அரிக்கும். ஆகவே துறைத்தலைவர் ஐயா, முழங்கை வரை நீண்ட கையுறை இரண்டு சோடிக்கு மட்டும் அனுமதி தர வேண்டுகிறேன்.