எது ஒரு அடி?

'கம்ப்யூட்டர் என்றால் என்ன?' இதற்கு மனப்பாடமாக விடை எழுதி முழு மார்க் வாங்கியவர்கள்தான், ஆபீஸில் பிரிண்டர் முரண்டு பிடித்தால் முதலில் நழுவுகிறவர்கள்.

2016-ல் பி.பி.சி. ஒரு காரியம் செய்தது. பிரிட்டனில் 11, 12 வயசுப் பிள்ளைகளுக்கு 'மைக்ரோபிட்' என்கிற குட்டி கம்ப்யூட்டர். சுமார் 10 லட்சம், இலவசம்! 25 சிவப்பு விளக்கு, 2 பட்டன், அசைவை உணரும் சிப்.

அதை வைத்து வகுப்பில் செய்கிற ஒரு வேலை: நடக்கும் அடிகளை எண்ணும் கருவி. காலில் கட்டு, குலுங்கினால் 1 கூட்டு. நாலு வரி ப்ரோகிராம். முடிந்ததா? இல்லை ஸார், பாடமே அங்கேதான் ஆரம்பம்.

ஒரு பயல் உட்கார்ந்தபடியே காலை ஆட்டுவான். கணக்கு நூறு அடி! (நம் ஆபீஸில் சிலர் இப்படித்தான் தினம் பத்து கிலோமீட்டர் நடக்கிறார்கள்.) இன்னொருத்தி பூனை மாதிரி நடப்பாள். பூஜ்யம்! அப்படியானால் எவ்வளவு குலுங்கினால் ஓர் அடி? நடந்து, எண்ணி, எல்லையை மாற்றி மாற்றி வைத்து அவர்களேதான் கண்டுபிடிக்கணும். எந்த நோட்ஸிலும் விடை கிடையாது.

கஷ்டம் வாத்தியாருக்கு. 30 பேர், 30 விதமான தப்பு. சிவப்பு மையால் சுழித்தால் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து, 'ஏன் இப்படி ஆச்சு?' என்று கேட்கணும்.

வீட்டுப் பொடியன், 'ப்ரோகிராம் தப்பாப் போச்சு' என்று வந்தால் திட்டாதீர்கள். 'எத்தனை தடவைடா மாத்திப் பார்த்தே?' என்று கேளுங்கள்.

மார்க் அதற்குத்தான்.