தேவசித்தத்துக்குக் கட்டணம் வாங்காதீர்கள்

படித்து முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் ஒரு வாலிபரிடம், ஆண்டவர் அவருக்கென்று வைத்திருக்கும் நோக்கத்தைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவது பாவம். கிறிஸ்துவின் பெயரால் செய்யும்போது அது இன்னும் பெரிய பாவம். சுற்றி வளைத்துச் சொல்லும் விஷயம் இதுவல்ல.

இந்த வியாபாரம் நடக்கும் விதம் நம் சபைகளில் பலருக்கும் தெரியும். முதலில் ஒரு இலவச ஆன்லைன் கூட்டம். மெல்லிய கீபோர்டு இசை பின்னால் ஒலிக்க, ஒருவர் தாம் தோல்வியிலிருந்து எழுந்த கதையைச் சாட்சியாகச் சொல்கிறார். கேட்பவர் கண் கலங்கியிருக்கும் அந்த நேரத்தில் பயிற்சிக் கட்டணம் திரையில் வருகிறது. இன்று இரவு 12 மணிக்குள் சேர்ந்தால் பாதி விலை என்கிறார்கள். சேர்ந்து முடித்தால் அடுத்த நிலை, அதற்கு மேல் இன்னொரு நிலை. கடைசியில் 'நீங்களே கிறிஸ்தவ லைஃப் கோச் ஆகலாம்' என்று ஒரு சான்றிதழ்ப் பயிற்சி. வேலை தேடி வந்தவருக்குக் கிடைக்கும் வேலை, தன்னைப் போல் வேலை தேடும் இன்னொருவரை உள்ளே இழுப்பது.

அங்கே தரப்படும் தாள்களில் ஒன்று 'வாழ்க்கைச் சக்கரம்'. ஒரு வட்டத்தை எட்டாகப் பிரித்து வேலை, பணம், உடல்நலம், குடும்பம், நட்பு, ஆன்மிகம் என்பது போலப் பெயரிட்டு ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடச் சொல்வார்கள். உலகெங்கும் கோச்சிங் துறையில் புழங்கும் பழைய தாள்தான். மேலே ஒரு வசனம் அச்சிட்டதும் கிறிஸ்தவத் தாளாகிவிடுகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்கு அப்பாவை அழைத்துப்போகும் ஒரு பெண் இதை நிரப்பினால் என்ன ஆகும்? வேலைக்கு இரண்டு, பணத்துக்கு ஒன்று. அப்பாவுடன் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அத்தனை மணி நேரமும் 'குடும்பம்' என்ற ஒரு மதிப்பெண்ணுக்குள் அடங்காது. அன்றாடம் சிலுவை சுமக்கும் ஒரு சீஷியை, நோக்கமில்லாமல் வாழ்பவள் என்று அந்தத் தாள் தீர்ப்பிடுகிறது. அதை நம்பி அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போகிறாள்.

பயிற்சி எல்லாமே தவறு என்று நாம் சொல்லவில்லை. பயோடேட்டா எழுதக் கற்றுக்கொடுப்பதும், நேர்முகத் தேர்வுக்குத் தயார்செய்வதும், எந்தப் படிப்புக்கு எங்கே வேலை உண்டு என்று சொல்வதும் உழைப்பு. உழைப்புக்குக் கூலி உண்டு. அப்படிச் செய்பவர் அதை அந்தப் பெயரிலேயே செய்யட்டும். ஆண்டவர் பேசினார் என்று சொல்லும் இடத்தில் ரசீதுப் புத்தகம் இருக்கக் கூடாது. சமாரியாவில் பரிசுத்த ஆவியின் வரத்துக்கு விலை பேச வந்த சீமோனைப் பேதுரு எத்தனை கடுமையாகக் கண்டித்தார் என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அங்கே விலை பேசியவன் வாங்க வந்தவன். இங்கே விற்பவரே விலை சொல்கிறார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். லைஃப் கோச் என்று பலகை மாட்ட எந்தப் பதிவும் தேவையில்லை. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிர் வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு பையன் சொல்லும்போது, அதை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு வகுப்புக்கு அனுப்பும் ஆள் அவன் உயிரோடு விளையாடுகிறார். அந்தப் பையனை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அதுவரை பொறுக்க முடியாத நேரத்தில் அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, கட்டணம் இல்லை.

இந்தக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப முழங்கும் வசனம், நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலும், ஸ்கூட்டர் ஸ்டிக்கரிலும் அதைக் காண்கிறோம். நல்ல வசனம்தான். ஆனால் அது எரேமியா அனுப்பிய ஒரு கடிதத்தில் வருகிறது. யாருக்கு எழுதப்பட்டது? நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போன ஒரு ஜனக்கூட்டம் முழுவதற்கும். அதற்கு முந்தைய வசனத்தில் எழுபது வருடம் என்று காலம் குறித்திருக்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமல் பாபிலோன் மண்ணிலேயே அடக்கமாகியிருப்பார்கள். அவர்களிடம் எரேமியா சொன்னது, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைவைத்திருக்கும் பட்டணத்துக்காகவும் ஜெபியுங்கள் என்று. இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அதே காலத்தில் ஆலயத்தில் நின்று அறிவித்தவன் அனனியா. ஜனங்களுக்கு இனித்தது அவன் வார்த்தை. வேதம் அவனைப் பொய்த் தீர்க்கதரிசி என்று காட்டுகிறது. 90 நாளில் உன் அழைப்பைக் கண்டடைவாய் என்று சொல்பவர்கள் எரேமியாவின் வசனத்தை எடுத்துக்கொண்டு அனனியாவின் செய்தியை அல்லவா பிரசங்கிக்கிறார்கள்?

இவ்வளவும் சொன்ன பிறகு, முதல் குற்றவாளி யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சபைதான். நம் வாலிபர் சங்கங்கள் எதற்குப் பயன்படுகின்றன? கன்வென்ஷனுக்கு நாற்காலி போட, கேரல் ரவுண்ட்ஸ் போக, அசனப் பண்டிகையில் பந்தி பரிமாற. அந்தப் பிள்ளைகள் அதைச் சந்தோஷமாகத்தான் செய்கிறார்கள். ஆனால் பந்தி முடிந்த பிறகு, 'தம்பி, உனக்கு என்ன பாரம்?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பெரியவர் யார்? 'டிஎன்பிஎஸ்சி என்னாச்சு?' என்று வாசலில் வைத்து விசாரிப்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பயந்தே ஆராதனை முடியும் முன் எழுந்துபோகும் பிள்ளைகளும் உண்டு. காது கொடுத்துக் கேட்க ஆளில்லாத பிள்ளை, கட்டணம் கட்டியாவது ஒரு காதைத் தேடிப் போகிறது. அதை நாம் எப்படிக் குற்றம் சொல்ல முடியும்?

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கையை நம் வாலிபர்களுக்கு யாராவது ஒழுங்காகச் சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் பெறாமல் வெளியே வந்தவர். இன்றைய கணக்கில் தோற்றவர். ஒய்எம்சிஏ வேலையில் சேர்ந்து ஊர் ஊராக அலைந்தார். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷனரி வேலை நடத்துவதைப் பார்த்தார். திருநெல்வேலியால் ஏன் முடியாது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1909இல் அவரே தெலுங்கு நாட்டு டோர்னகலுக்குப் புறப்பட்டார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தனக்குள் தோண்டித் தோண்டி அவர் எதையும் கண்டெடுக்கவில்லை. மற்றவர்களோடு வேலை செய்தபோது, மற்றவர்களின் தேவை கண்ணில் பட்டபோது, வழி திறந்தது. 1910இல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் கூடியிருந்த அவையில், எங்களுக்காகப் பொருளையும் சரீரத்தையும் கொடுத்தீர்கள், இனி நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்ட துணிச்சல் அவருக்கு இருந்தது. நம் வாலிபர்களும் நம்மிடம் கேட்பது அதைத்தான்.

வழிகாட்டுகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வேதாகமத்தில் வரும் ஆசாரியர் ஏலியைப் பார்க்கலாம். குறைகள் நிறைந்த கிழவர். சொந்தப் பிள்ளைகளையே கண்டித்து வளர்க்காதவர். ஆனாலும் சிறுவன் சாமுவேல் இரவில் எழுந்து ஓடி வந்தபோது, கூப்பிட்டது நான் அல்ல என்று திருப்பி அனுப்பினார். பையன் மூன்றாம் முறை வந்தபோதுதான் கூப்பிடுகிறவர் யார் என்று அவருக்கே விளங்கியது. அப்போதும் சாமுவேலுக்கு என்ன செய்தி வரும் என்று அவர் ஊகித்துச் சொல்லவில்லை. எப்படிக் காது கொடுப்பது என்று மட்டும் சொல்லிப் படுக்க அனுப்பினார். வந்த செய்தி ஏலியின் வீட்டுக்கே எதிரானது. அதையும் மறைக்காமல் சொல் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கேட்டவனைத் தன்னிடம் கட்டிவைக்காத இந்தக் குணம் எந்த நிலைப் பயிற்சியின் பாடத்திட்டத்திலும் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இது. தேவசித்தத்தை அறிவிக்கும் பெயரில் கட்டணம் வாங்கும் எவருக்கும் ஆயர்கள் பிரசங்க பீடத்தைத் தரக் கூடாது. அவர்களின் நோட்டீஸை ஆலய வாசலில் ஒட்ட அனுமதிக்கக் கூடாது. கோபுரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் லட்சக்கணக்கில் ஒதுக்கும் சேகரக் கமிட்டிகள், வாரத்தில் ஒரு மாலையாவது ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் நர்சுகளையும் வங்கி ஊழியர்களையும் ஆலய வளாகத்தில் உட்காரவைத்து, எந்தப் பிள்ளை வந்தாலும் இலவசமாகப் பேச வழி செய்ய வேண்டும். டிகிரி முடித்த பிள்ளைக்கு மூன்று வருடம் வேலை கிடைக்காவிட்டால் அவனிடம் பாவம் இருக்கிறது என்று பேசும் பிரசங்கங்கள் நிறுத்தப்பட வேண்டும். வேலையில்லாத பிள்ளைகளிடம் இதுவரை வாங்கிய பணத்தை வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டியவர்களுக்கு முதலில் கொடுக்கட்டும்.