காது கொடுத்துக் கேட்போம்

செவியின் சிறப்பை உணர்ந்த திருவள்ளுவர் ‘கேள்வி’ என ஓர் அதிகாரமே வகுத்தார். அறிவு நுழையும் வாயிலாக நாம் போற்றும் அச்செவியை, நோய் தணிக்கும் வாயிலாகவும் காண்கிறது செவி அக்குபங்சர் என்னும் ஊசி மருத்துவம்.

அண்மையில் என்னைக் காண வந்த பழைய மாணவர் ஒருவர், நாற்காலியைக் காட்டியும் அமராமல் நின்றே பேசினார். “உட்கார்ந்தால் எழுவது கடினம், ஐயா” என்றார். வயது இருபத்தெட்டுதான். திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி ஆலையொன்றில் நாள்முழுதும் நின்று, குனிந்து, நிமிரும் வேலை. மூன்றாண்டுகளாக முதுகுவலி. “காதில் ஊசி குத்தினால் தீருமாமே?” என்று கேட்டார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

பிரான்சு நாட்டு லியோன் நகர மருத்துவர் பால் நோஜியே, 1950களில், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புவலிக்காகக் காதில் சூடு போட்டுக்கொண்டு நலம்பெற்றோர் சிலரைக் கண்டார். காதுமடலைத் தலைகீழாகக் கிடக்கும் கருவின் வடிவமாகக் கொண்டு, உறுப்புகளுக்குரிய புள்ளிகளை வகுத்து 1957இல் வெளியிட்டார். மடலின் உள்மடிப்பு முதுகெலும்புக்கு உரியது என்பது அவர் கொள்கை. அவ்வரைபடத்தை உடற்கூற்றியல் இன்னும் மெய்ப்பிக்கவில்லை. எனினும் சிற்றாய்வுகள் சிலவற்றில் வலி சிலகாலம் தணிந்துள்ளது. போலிச் சிகிச்சை பெற்றோர்க்கும் ஓரளவு தணிவதால், ஊசியின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பொதுவான அக்குபங்சரைக் கூட இடுப்புவலிக்கு வேண்டாவென 2016இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் கூறியது. அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடோ 2020 முதல் அதற்குப் பணம் தருகிறது. நம் நடுவண் அரசு 2019இல் அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது.

ஆதலின் இம்முறையை எள்ளி நகையாடவும் வேண்டா. கண்மூடி நம்பவும் வேண்டா. பயிற்சி பெற்றவரிடம், புதிய ஊசியால் செய்துகொள்வதே முறை. காதுக் குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் மடலே உருக்குலையும். முதுகுவலியோடு கால் வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் அடக்க இயலாமற் போனாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆயினும் என் கவலை வேறு. ஊசியால் சற்றே வலி தணிந்த இளைஞர், மறுநாள் அதே இடத்தில் அதே வண்ணம் நிற்கப் போகிறாரே! நின்று பணிபுரிவோர்க்கு அமர வசதி வேண்டுமென 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அன்றே விதித்தது. கடை ஊழியர்க்கு அவ்வுரிமையைத் தமிழக அரசு 2021இல்தான் சட்டமாக்கியது. 2023இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு வலுத்தபின் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. முதுகின் குரலைக் கேட்க நமக்கு எத்துணைக் காலம் ஆகிறது! உலக நலவாழ்வு நிறுவனமும் 2023இல், நாட்பட்ட இடுப்புவலிக்கு நோயறிவும் உடற்பயிற்சியும் உள்ளிட்ட பலவற்றை இணைத்தே பரிந்துரைத்தது. வேலையின் இடையே சிறு ஓய்வு, மாறிமாறிச் செய்யும் பணி, உயரத்திற்கேற்ற மேசை ஆகியவற்றிற்கு ஆகும் செலவு பெரிதன்று.

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. மாணவச் செல்வங்களே! நாளை உங்களிற் சிலர் அவ்வாலைகளில் தொழிலாளராவீர்; சிலர் மேலாளராகவும் அமர்வீர். வலிக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது, அவர் காதுக்கு ஊசி தேடுமுன் உங்கள் காதைக் கொடுத்துக் கேளுங்கள். வல்ல இறைவன் அருள்புரிவானாக!