பி.டி. பீரியட் யாருக்குச் சொந்தம்?

உப்பு வாரும் காலத்தில் மரக்காணம் உப்பளங்களில் வெயில் ஏறுமுன்பே வேலை ஆரம்பித்துவிடும். பெண்கள் தலையில் கூடை சுமந்து உப்பை மேட்டில் கொட்டுகிறார்கள். "நம்ம கஷ்டம் நம்மோட போகட்டும். பொண்ணாவது படிச்சு நிழல்ல உட்காரட்டும்" என்பது அந்தத் தாய்மாரின் ஆசை. நியாயமான ஆசை!

பொண்ணும் படிக்கிறாள். நிழலில்தான் உட்காருகிறாள். ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை உட்கார்ந்தே இருக்கிறாள். பள்ளியில் பெஞ்சு, அப்புறம் டியூஷன், வீட்டுக்கு வந்தால் செல்போன். எப்போதாவது வரும் பி.டி. பீரியடையும் பல பள்ளிகளில் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை! போதாக்குறைக்கு, "வயசுக்கு வந்த பொண்ணுக்கு ஓட்டம் என்ன, பந்து என்ன?" என்று வீட்டிலும் தடை.

இதற்கும் பிள்ளைப்பேறுக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு.

மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறது. ஸ்கேன் எடுத்தால் 'நீர்க்கட்டி' என்கிறார்கள். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது புற்றுநோய் அல்ல. சினைப்பையில் முதிராமல் நின்றுவிட்ட சின்னச் சின்னக் கருமுட்டைப் பைகள். முட்டை முதிர்ந்து வெளியே வந்தால்தானே கரு தங்கும்? பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 100-க்கு 13 பேர் வரைக்கும் இந்தக் கோளாறு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பள்ளிக்கூட வயதிலேயே இது தலைகாட்டும்.

வைத்தியம் இருக்கிறது. சாப்பாட்டில் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் அதன் அஸ்திவாரம். 80 கிலோ எடையுள்ள பெண் நாலைந்து கிலோ குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வருகிறது. முட்டை முதிர லெட்ரோசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். பலிக்காவிட்டால் ஊசி. டெஸ்ட் டியூப் முறை அதற்கும் அப்புறம்தான். தென்னிந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை 1990-ல் சென்னையில் பிறந்தது. இன்று அது பெரிய வியாபாரம். எடுத்த எடுப்பில் நகையை அடகு வைத்துக்கொண்டு ஓட வேண்டாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் பக்கத்திலேயே இருக்கின்றன. போகும்போது புருஷனும் கூடப் போய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. ஒல்லியான பெண்ணுக்கும் இது வரும். பரம்பரையாகவும் வரும். விளையாடினால் வரவே வராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆகவே, "நீ ஓடியாடாததால்தான் வந்தது" என்று மருமகளைக் குத்திக்காட்டுவது பாவம்.

ஆனால் ஓடியாடுகிற உடம்பில் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யும். அது தடுமாறும்போது பலருக்கு ஆண் ஹார்மோன் கூடி, முட்டை முதிராமல் நிற்கிறது. பின்னால் சர்க்கரை வியாதிக்கும் அதுவே வாசல். 5 முதல் 17 வயது வரை தினம் சராசரி 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளைகளுக்கு வாரத்தில் 60 நிமிடமாவது கிடைக்கிறதா?

பி.டி. பீரியடில் கணக்குப் பாடம் கூடாது. பெண்களுக்கும் மைதானத்தில் பங்கு வேண்டும். விலக்கு நாளிலும் கூச்சமில்லாமல் பள்ளிக்கு வர, தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை வேண்டும். பின்னால் லட்சங்களைக் கொட்டுவதைவிட இன்று ஒரு பந்து வாங்கிக் கொடுப்பது மலிவு.

கல்வித்துறை கவனிக்குமா? பெற்றோரும் கவனிப்பார்களா?