பழைய ஒலிவாங்கியை எறியுமுன் அதன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்



சென்ற மாதம் எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் 2,400 ரிங்கிட்டுக்கு ஒரு விலைப்பட்டியல் முன்வைக்கப்பட்டது. 'ஒலிப்பதிவுக் கருவிகள் - முழுத் தொகுதி' என்பது அதன் தலைப்பு. பின்னணி இதுதான். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. பள்ளியின் பழைய மடிக்கணினி விண்டோஸ் 11ஐ ஏற்க மறுத்தது. ஆகவே புதியதொன்று வாங்கினோம். அதில் 2009இல் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவிகளின் கம்பியைச் செருக இடமே இல்லை. விலைப்பட்டியல் தந்த கடைக்காரர் ஒரே மூச்சில் தீர்ப்பும் வழங்கிவிட்டார்: "எல்லாம் பழசு சார், செட்டாகவே மாற்றிவிடுங்கள்."

நான் எதிர்த்தேன். எனக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். அதற்குள் சொல்லி முடிக்க இயலாததால் இங்கே எழுதுகிறேன். அந்த 2,400 ரிங்கிட், உணவுச் சந்தையன்று தாய்மார்கள் விடியுமுன் எழுந்து நாசி லெமாக் கட்டி விற்றுச் சேர்த்த பணம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒலிப்பதிவுக் கருவிகள் என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பவை ஒரே வேகத்தில் மூப்பு அடைவதில்லை. ஒலிவாங்கி மிக மெதுவாகவே மூப்பு அடைகிறது. மேடைகளில் நாம் அடிக்கடி காணும், வலைத்தலை கொண்ட ஷூர் எஸ்.எம். 58 ஒலிவாங்கி 1966இல் வெளிவந்தது. இன்றும் விற்பனையில் உள்ளது. அதன் அடியில் இருக்கும் மூன்று முனைச் செருகி இன்று தயாராகும் கருவிகளிலும் அப்படியே பொருந்தும். தாங்கிக்கும் தலையணிக் கேட்பிக்கும்கூட வயது ஒரு பொருட்டன்று. ஒலிவாங்கியின் ஒலியை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும் ஒரு சிறு பெட்டி இருக்கிறதே, கடைகளில் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்பார்கள், அதற்கும் கணினிக்கும் நடுவே ஓடும் ஒரு முழக் கம்பிதான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வடிவம் மாறுகிறது. ஒரு முழக் கம்பிக்காக முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்வது, சாவி தொலைந்ததற்கு வீட்டையே இடித்துக் கட்டச் சொல்வது போன்றது.

இதை நான் ஏட்டறிவால் சொல்லவில்லை. 2007 முதல் என் வீட்டுப் பின்னறையில் மாணவர்களின் கதைகளையும் பாடல்களையும் பதிவுசெய்து வருகிறேன். இவ்வாண்டு என் மடிக்கணினியையும் மாற்ற நேர்ந்தது. புதியதில் இருந்தவை இரண்டு டைப்-சி துளைகளும் காதணிக்கான ஒரு துளையும் மட்டுமே. என்னிடம் இருந்த இணைப்புப் பெட்டிகளோ இரண்டு. இரண்டும் பழையவை.

முதல் பெட்டியின் பின்புறம் சதுரமான யூ.எஸ்.பி. வாய் இருந்தது. அச்சுப்பொறிகளிலும் இதே வாயைப் பார்த்திருப்பீர்கள். ஒருமுனை டைப்-சி, மறுமுனை அந்தச் சதுரம் என்று அமைந்த கம்பி ஒன்றை 15 ரிங்கிட்டுக்கு வாங்கிச் செருகினேன். உடனே வேலை செய்தது. பெட்டியைத் தயாரித்த நிறுவனம் அதற்கான மென்பொருளைக் கைவிட்டு நெடுநாள் ஆகிறது. அதனால் குறையொன்றும் வரவில்லை. யூ.எஸ்.பி. வழியே ஒலியை அனுப்புவதற்கென்று ஒரு பொது இலக்கணம் உண்டு. அதன்படி அமைந்த பெட்டியைக் கணினி தானாகவே புரிந்துகொள்ளும். அவ்விலக்கணத்தின் இரண்டாம் பதிப்பையும் 2017 முதல் விண்டோஸ் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. பெட்டி வாங்குவோர் விளம்பர அட்டையில் வேறெதையும் தேடாமல் 'கிளாஸ் கம்ப்ளையண்ட்' என்ற சொற்றொடரைத் தேட வேண்டும் என்பது என் கருத்து. அது இருந்தால், நிறுவனம் கைவிட்டாலும் பெட்டி நம்மைக் கைவிடாது.

முதல் நாள் மாலை மட்டும் ஒலி அப்பளம் நொறுங்குவதுபோல் வெடித்துக்கொண்டிருந்தது. கணினியோடு இலவசமாக வந்த கிளைப்பெட்டி வழியாக இணைத்திருந்தேன். அதே கிளையில் விரலியும் சுட்டியும் தொங்கின. இணைப்புப் பெட்டியை நேராகக் கணினியில் செருகியதும் வெடிப்பு நின்றது. மீதமிருந்த மெல்லிய இரைச்சல், மின்னூட்டியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓடவிட்டதும் மறைந்தது.

இரண்டாம் பெட்டியில் தோற்றுப் போனேன். அது பயர்வயர் வகை. 1995இல் தரப்படுத்தப்பட்டு, ஒரு காலத்தில் ஒலிப்பதிவாளர்கள் பெரிதும் நம்பிய இணைப்பு அது. இன்றைய மடிக்கணினிகளில் அதற்கு இடமில்லை. ஆப்பிள் நிறுவனமும் 2025இல் வெளியிட்ட மேக் ஓ.எஸ். 26இல் அதற்கான ஆதரவை நீக்கிவிட்டது. இணையக் கடைகளில் 'பயர்வயரிலிருந்து யூ.எஸ்.பி.' என்று மலிவான முனைகள் விற்கிறார்கள். அவற்றை வாங்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு மொழி பேசுபவை. வாயின் வடிவத்தை மட்டும் மாற்றினால் பேச்சு புரிந்துவிடாது. நான் வாங்கி ஏமாந்த முனை இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அந்தப் பெட்டியைப் பழைய மடிக்கணினியோடு சேர்த்து, இணையத் தொடர்பைத் துண்டித்து, தனியாக வைத்துவிட்டேன். அதில் பதிவுசெய்து விரலியில் மாற்றிக்கொள்கிறேன். பள்ளியிடம் இருப்பது இவ்வகையாக இருந்தால் புதுப் பெட்டி வாங்கத்தான் வேண்டும். அப்போதும் பெட்டி ஒன்று மட்டுமே. ஒலிவாங்கிகளை மாற்றத் தேவையில்லை.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒலிவாங்கியைக் காதணித் துளையில் செருகிவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று என்னை அழைப்பவர்கள் பலர். பழைய மேசைக்கணினிகளில் ஒலிவாங்கிக்கென்று இளஞ்சிவப்புத் துளை தனியாக இருந்தது. இப்போதுள்ள ஒற்றைத் துளை, கைப்பேசிக் காதணிகளுக்கான நான்கு பிரிவுச் செருகிக்கு உரியது. மூன்று பிரிவுச் செருகியை அது ஒலிவாங்கியாக அறிந்துகொள்ளாது.

"கைப்பேசியிலேயே பதிவுசெய்யலாமே, இவ்வளவு ஏன்?" என்று கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு நான் சொல்லும் விடை என் பிழையொன்றின் கதை.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்த 2020இல், இல்லிருப்புக் கற்றலின்போது, மாணவர்களின் வாசிப்பை இயங்கலைச் சந்திப்பின் வழியே கேட்டு மதிப்பெண் இட்டேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் சொல்லின் இறுதியை விழுங்குவதாகத் தோன்றியது. 'பாட்டு' என்பது 'பாட்ட்' என்றும், 'காசு' என்பது 'காஸ்' என்றும் கேட்டன. உச்சரிப்பில் மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவன் தாயாரையும் அழைத்து, வீட்டில் பயிற்சி கொடுக்கச் சொன்னேன். பள்ளி திறந்தபின் வகுப்பில் அவன் வாசிக்கக் கேட்டேன். ஒரு குறையும் இல்லை. நான் நேரில் அவனிடம் சொன்னபோது, "அம்மா தினமும் நூறு தடவை சொல்லச் சொன்னாங்க ஐயா" என்றான்.

விழுங்கியது கணினி. சந்திப்பு மென்பொருள்களும் புதிய மடிக்கணினிகளும் நம்மைக் கேளாமலே குரலைத் 'திருத்துகின்றன'. மெலிந்து தேய்கிற ஒலியையும், மாறாமல் நீள்கிற ஒலியையும் அவை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். நம் குற்றியலுகரமோ அரை மாத்திரையே ஒலிப்பது. சொல்லின் கடைசியில் தேய்ந்து ஒலிப்பதுதான் அதன் இயல்பு. 'பசு'வின் முற்றியலுகரம் தப்பிவிடுகிறது. 'காசு'வின் உகரம் மாட்டிக்கொள்கிறது. அண்மையில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி சுருதிப் பெட்டியோடு பாடியதைப் புதுக்கணினியில் நேரடியாகப் பதிவுசெய்தபோது, சுருதி மூன்றே நொடியில் மறைந்துபோனது. பிள்ளை தனியே அந்தரத்தில் பாடிக்கொண்டிருந்தாள்.

ஆகவே இணைப்புப் பெட்டியைச் செருகியதோடு வேலை முடிந்துவிடாது. விண்டோஸ் 11 அமைப்புகளில் ஒலிப் பகுதிக்குச் சென்று, உள்ளீடாக அந்தப் பெட்டியைத் தேர்ந்து, அங்குள்ள 'ஆடியோ என்ஹான்ஸ்மெண்ட்ஸ்' என்பதை அணைத்துவிட வேண்டும். கணினி நிறுவனம் தன் பங்குக்குச் சேர்த்திருக்கும் குரல் மென்பொருளையும் அணைக்க வேண்டும். ஸூம் பயன்படுத்துவோர் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற தெரிவை இயக்கிக்கொள்ளலாம். பிறகு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பதிவுசெய்தால் மின்விசிறிச் சத்தமும் தகரக்கூரை மழையும் சேர்ந்தே விழும். விழட்டும். மின்விசிறியை நிறுத்தலாம், மழை ஓயக் காத்திருக்கலாம். வெட்டுண்ட உகரத்தை மீட்க வழியில்லை. கேட்டல், பேச்சுத் திறனை ஒலிப்பதிவை வைத்து மதிப்பிடும் எந்த ஆசிரியரும், போட்டி நடுவரும், மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் அந்தப் பதிவு எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்கக் கடமைப்பட்டவர் என்றே நான் கருதுகிறேன்.

இன்னும் மடிக்கணினியே வாங்காத பள்ளிகளுக்கு ஒன்று. ஏ.ஆர்.எம். வகைச் செயலி கொண்ட விண்டோஸ் கணினிகள் இப்போது நிறைய வருகின்றன. தனி மென்பொருள் தேவைப்படும் இணைப்புப் பெட்டிகள் பல அவற்றில் இயங்கா. வாங்குமுன் உங்கள் பெட்டியைக் கடைக்கே எடுத்துச் சென்று செருகிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

கூட்டம் முடிந்த மறுநாள் பண்டகச் சாலையில் எங்கள் பள்ளியின் பெட்டியைத் தேடி எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் அதே சதுர வாய். அடுத்த கூட்டத்திற்கு இரண்டு ஒலிவாங்கிகளையும், புதிய மடிக்கணினியையும், என் 15 ரிங்கிட் கம்பியையும் எடுத்துச் செல்கிறேன். வாசிப்பதற்கு அந்த மாணவனின் தம்பி வருகிறான். இப்போது மூன்றாம் ஆண்டில் படிக்கிறான்.